யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லையா? வில்லியம் காடிஸ்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் காடிஸ் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் திரும்பத் திரும்பத் தென்பட்ட குறை ஒன்றுதான்: “ஆர்வமாக ஆரம்பித்தேன், பாதியில் நின்றுவிட்டது.” அதனால் வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கிக்கொண்டு, எப்படிப் படிப்பது என்பதற்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கே: காடிஸ் என்ற பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். யார் இவர்? – வாசகர், விருதுநகர்

ப: 1922 டிசம்பர் 29 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். மூன்று வயதில் பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். வளர்த்தது அம்மா. லாங் ஐலண்டில் மாசபீக்வா என்ற ஊரில் வீடு. ஐந்து வயதிலேயே கனெக்டிகட் மாநிலத்து விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவைக்கப்பட்டார். 1941-ல் ஹார்வர்டில் சேர்ந்தார். சிறுநீரகக் கோளாறு இருந்ததால் ராணுவத்தில் எடுத்துக்கொள்ளவில்லை. மாணவர்களின் நகைச்சுவை இதழான ‘ஹார்வர்ட் லாம்பூன்’ பொறுப்பில் இருந்தார். 1945-ல் உள்ளூர் போலீஸோடு ஏற்பட்ட ஒரு தகராறில் பட்டம் வாங்காமலே வெளியேற வேண்டியதாயிற்று. அதன்பின் ‘நியூயார்க்கர்’ வார இதழில் சுமார் ஓராண்டு தகவல் சரிபார்க்கும் வேலை. 1947-லிருந்து ஊர் சுற்றல்: மெக்சிகோ, பனாமா, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த கோஸ்டா ரிக்கா, ஸ்பெயின், பாரிஸ், வட ஆப்பிரிக்கா.

எழுதியது ஐந்தே நாவல்கள். ‘தி ரெகக்னிஷன்ஸ்’ (1955), ‘ஜே ஆர்’ (1975), ‘கார்பெண்டர்ஸ் காதிக்’ (1985), ‘எ ஃப்ராலிக் ஆஃப் ஹிஸ் ஓன்’ (1994), இறந்தபின் வந்த ‘அகாபே அகேப்’ (2002). இவற்றில் ‘ஜே ஆர்’ 1976-லும் ‘ஃப்ராலிக்’ 1994-லும் அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்டைப் பெற்றன. 1982-ல் மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. 1998 டிசம்பர் 16 அன்று புராஸ்டேட் புற்றுநோயால் ஈஸ்ட் ஹாம்ப்டனில் காலமானார்.

முதல் நாவலுக்கும் இரண்டாவதற்கும் இடையே இருபது வருடம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குக் கீழே தனிக் கேள்வியே வந்திருக்கிறது.

கே: எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம்? – வாசகி, கும்பகோணம்

ப: ‘கார்பெண்டர்ஸ் காதிக்’. 262 பக்கம்தான். ஹட்சன் நதிக்கரையில் ஒரே ஒரு வீடு. கதை அதை விட்டு வெளியே போவதே இல்லை. பேசுகிறவர்களும் பெரும்பாலும் நான்கு பேர்: எலிசபெத் பூத், அவள் கணவன் பால், தம்பி பில்லி, வீட்டுக்காரர் மெக்கேண்ட்லெஸ். ஆப்பிரிக்கச் சுரங்கம், மதப் பிரசாரகர், செனட்டர், உளவுத்துறை எல்லாம் தொலைபேசி வழியாகவும் செய்தித்தாள் வழியாகவும் அந்த வீட்டுக்குள் வந்து சேரும். நான்கு குரலை வைத்துக் காதைப் பழக்கிவிட்டால், பிறகு ‘ஜே ஆர்’ தரும் ஐம்பது குரல்களுக்கு மிரள வேண்டியதில்லை.

சிரித்துக்கொண்டே தொடங்க வேண்டும் என்றால் ‘ஃப்ராலிக்’. கடைசி நாவல் ஒல்லியாக இருக்கிறதே என்று அதை முதலில் எடுத்துவிடாதீர்கள். மற்ற நான்கையும் எழுதிய ஒருவர் தன் வாழ்நாள் வேலையைப் பற்றிப் புலம்பும் புத்தகம் அது. அந்த வேலை தெரியாமல் படித்தால் புலம்பல் மட்டும்தான் மிஞ்சும்.

கே: ‘ஜே ஆர்’ நாவலை இரண்டு முறை எடுத்தேன். அறுபது பக்கம் தாண்டவில்லை. அத்தியாயம் இல்லை, ‘என்றான்’, ‘என்றாள்’ இல்லை. யார் பேசுகிறார்கள் என்றே புரியவில்லை. என்ன செய்வது? – வாசகர், சேலம்

ப: இதைவிட நல்ல கேள்வி இந்தத் தபாலில் இல்லை. விரிவாகவே சொல்கிறோம்.

726 பக்கங்களில் மிகப் பெரும்பகுதி உரையாடல். மேற்கோள் குறி கிடையாது. ஒரு கோடு போட்டுப் பேச்சு தொடங்கும். பேச்சை இன்னொருவர் வெட்டுவார், வெட்டினவரை மூன்றாமவர் வெட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்தால் சிறிது நேரத்தில் எந்தக் குரல் யாருடையது என்று பிடிபட்டுவிடும் இல்லையா? காடிஸ் எதிர்பார்க்கும் உழைப்பு அவ்வளவுதான். அவருடைய ஆங்கிலத்தில் அகராதி தேடவைக்கும் சொற்கள் குறைவு. அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் பங்குச்சந்தையிலும் ஜனங்கள் பேசுகிற பேச்சுதான்.

ஒவ்வொருவருக்கும் பேச்சில் ஓர் அடையாளம் வைத்திருக்கிறார். பதினொரு வயதுப் பையன் ஜே ஆர் வான்ஸண்ட் ‘ஹே’ போடாமல் பேச மாட்டான். வாய் நிறைய வசவு வேறு. இசையமைப்பாளர் எட்வர்ட் பாஸ்ட் எந்த வாக்கியத்தையும் முடிப்பதில்லை; ‘யெஸ் பட்’, ‘நோ பட்’ என்று தொடங்குவதற்குள் அடுத்தவர் பறித்துக்கொள்வார். பள்ளித் தலைமையாசிரியர் ஒயிட்பேக் ஒரு வங்கிக்கும் தலைவர். இழுத்து இழுத்து, ‘அம்’ போட்டு, அர்த்தமே வராமல் நீட்டுவார். மக்கள் தொடர்பு அதிகாரி டேவிடாஃப் கட்டளைகளாகவே கொட்டுவார். ஜாக் கிப்ஸ் குடித்திருப்பார், மேற்கோள் காட்டுவார், திட்டுவார். இந்த ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். புதுக் குரல் வந்தால் கீழே சேருங்கள்.

அடுத்தது காட்சி மாற்றம். அறுபது பக்கத்தில் பலரும் தொலைந்துபோவது இங்கேதான். காடிஸ் இடைவெளி விடாமல் ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவார். ஆனால் அந்தத் தாவலுக்கு ஒரு வாகனம் இருக்கும்: பேசுகிறவர் எழுந்து தெருவில் நடப்பார், கார் கிளம்பும், ரயில் ஊர் கடக்கும், தொலைபேசி மறுமுனைக்குப் போகும். கோடு இல்லாமல், காற்புள்ளியும் குறைந்து, நீளமாக ஒரு வர்ணனை வாக்கியம் வந்தால் இடம் மாறுகிறது என்று பொருள். அங்கே ஓரத்தில் பென்சிலால் ஒரு கீறல் போடுங்கள். அத்தியாயங்களை நீங்களே பிரித்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். தொலைபேசிக் காட்சிகளில் பெரும்பாலும் ஒரு முனைப் பேச்சு மட்டுமே காதில் விழும். மறுமுனைப் பதிலை ஊகிக்க வேண்டியது நீங்கள்.

அளவு முக்கியம். தூங்கப்போகும் முன் ஐந்து பக்கம் என்று படித்தால் இந்த நாவல் நிச்சயம் கைவிட்டுப் போகும். மறுநாள் வரும்போது குரல்கள் மறந்திருக்கும். உட்கார்ந்தால் 25 பக்கமாவது போக வேண்டும், பென்சில் கீறலில்தான் நிறுத்த வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். குழம்பினால் திரும்பிப் போகாமல் ஒரு பக்கம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நிக் சல்லிவன் வாசித்த ஒலிநூலும் இருக்கிறது, 30 மணி நேரத்துக்கு மேல் ஓடும்; முதல் நூறு பக்கத்தை அதைக் கேட்டபடி புத்தகத்திலும் கண்ணை ஓட்டினால் பாதிச் சிக்கல் தீரும்.

இவ்வளவு பாடுபடத்தான் வேண்டுமா என்றால், கதையைப் பாருங்கள். நாவலின் முதல் சொல்லே பணம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பங்குச்சந்தை பார்க்க வால் ஸ்ட்ரீட்டுக்கு அழைத்துப்போய், வகுப்புக் காசில் ‘டயமண்ட் கேபிள்’ கம்பெனியின் ஒரே ஒரு பங்கை வாங்கிக் கொடுக்கிறார்கள். ஜே ஆர் அதோடு நிற்கவில்லை. தபாலில் வரும் விளம்பரங்களைப் பார்த்துக் கடற்படை கழித்துக்கட்டும் மரத்தாலான பிக்னிக் முட்கரண்டிகளைப் பிடித்து ராணுவத்துக்கே விற்கிறான். பிறகு சீந்துவாரில்லாத கடன் பத்திரங்கள். அங்கிருந்து ‘ஈகிள் மில்ஸ்’ என்ற நசிந்த நெசவாலை. அந்த ஆலைத் தொழிலாளரின் ஓய்வூதிய நிதி, அதைக் கொண்டு ஒரு பீர் ஆலை. ஒவ்வொன்றும் அடுத்ததற்கு ஈடு. கையில் ரொக்கம் என்று எதுவும் கிடையாது. இத்தனையையும் பள்ளிக்கூடத்துத் தொலைபேசிக் கூண்டிலிருந்து, குரல் தெரியாமலிருக்க ஒலிவாங்கியில் அழுக்குக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு செய்கிறான். யாரும் அவனை நேரில் பார்ப்பதில்லை. அதனால்தான் நாவலும் குரலாகவே இருக்கிறது. ஆளைக் காட்டியிருந்தால் பதினொரு வயதுப் பையன் என்று எல்லோருக்கும் தெரிந்து முதல் ஒப்பந்தத்திலேயே கதை முடிந்திருக்கும்.

பையன் செய்வதில் பெரும்பாலானது சட்டப்படிச் சரி. பெரியவர்கள் செய்வதைப் பார்த்து அப்படியே செய்கிறான், அவ்வளவே. அவன் மேல் கோபமே வராது. அதுதான் இந்த நாவலின் பலம்.

கே: ஜேம்ஸ் ஜாய்ஸைப் பார்த்து எழுதியவர் என்று சொல்கிறார்களே? – வாசகர், புதுச்சேரி

ப: 1955 மதிப்புரைகளில் தொடங்கிய பேச்சு. ‘யுலிசஸ்’ நாவலின் கடைசிப் பகுதியை மட்டும்தான் படித்ததாகக் காடிஸ் பிற்காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் அலுத்துப்போய் எழுதியிருக்கிறார். உண்மையில் அவருக்குள் ஊறியிருந்தவர் டி. எஸ். எலியட். அடுத்து தஸ்தயேவ்ஸ்கி. உரையாடலில் ஈவ்லின் வாவும் ரொனால்ட் ஃபர்பாங்கும்.

கே: ‘தி ரெகக்னிஷன்ஸ்’ ஓவியப் போலி செய்கிறவனின் கதை என்று படித்தேன். பழைய ஓவியத்தை நிபுணர்களே ஏமாறுகிற அளவுக்குப் போலி செய்ய முடியுமா? நாவலில் வருவது கற்பனையா? – ஓவிய ஆசிரியர், தஞ்சாவூர்

ப: முடிந்திருக்கிறது. காடிஸ் இந்த நாவலை எழுதிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஹான் வான் மீகெரன் வழக்கு உலகச் செய்தியாக இருந்தது. நாவலின் மூலங்களில் ஒன்றாக ஆய்வாளர்கள் அதைச் சொல்கிறார்கள். நெதர்லாந்து ஓவியரான மீகெரன், பதினேழாம் நூற்றாண்டு மேதை வெர்மீரின் பெயரில் புதுப் படங்களைத் தீட்டி விற்றார். 1937-ல் ராட்டர்டாம் அருங்காட்சியகம் ஒன்றை வாங்கியது. இன்னொன்று நாஜித் தலைவர் கோரிங்கிடம் போனது. போர் முடிந்ததும் 1945-ல் தேசியச் சொத்தை எதிரிக்கு விற்றதாகக் கைதானபோது, “அது நான் வரைந்தது” என்று ஒப்புக்கொண்டார். யாரும் நம்பாததால் காவலில் வைத்தே இன்னொரு ‘வெர்மீர்’ தீட்டிக் காட்ட வேண்டியதாயிற்று. 1947 நவம்பரில் ஓராண்டுத் தண்டனை. டிசம்பர் 30-ல் இறந்துபோனார்.

நீங்கள் ஓவிய ஆசிரியர் என்பதால் செய்முறையையும் சொல்லலாம். எண்ணெய் வண்ணம் முழுக்க இறுகப் பல பத்தாண்டுகள் ஆகும். புதுப் படமென்றால் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் ஒற்றினாலே வண்ணம் கரைந்துவரும். அந்தக் காலத்தின் எளிய சோதனை அது. மீகெரன் ஆளிவிதை எண்ணெய்க்குப் பதிலாக ஃபீனால்–ஃபார்மால்டிஹைடு பிசினை, அதாவது பேக்லைட் வகைப் பொருளை, லைலாக் எண்ணெயோடு சேர்த்து வண்ணத்தில் கலந்தார். பதினேழாம் நூற்றாண்டின் மட்டமான படம் ஒன்றை வாங்கி, மேல் வண்ணத்தைச் சுரண்டி, அடிப்பூச்சை மட்டும் வைத்துக்கொண்டார். வெடிப்பு அதிலிருந்துதான் மேலே ஏறிவர வேண்டும். வரைந்து முடித்ததும் சுமார் 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் அடுப்பில் வைத்தார். வண்ணம் கல்லாக இறுகியது. பிறகு துணியை உருளையில் சுற்றி வெடிப்பைப் பரப்பி, நூற்றாண்டுத் தூசி படிந்தாற்போல் வெடிப்புகளில் கறுப்பு மையை இறக்கினார். வெள்ளைக்கு ஈய வெள்ளை, நீலத்துக்கு லாபிஸ் கல் பொடி என்று பழைய நிறமிகளையே தேடி வாங்கினார்.

எங்கே சறுக்கியது? ஆல்கஹாலுக்கு அசையாத வண்ணம் ஆய்வுக்கூடத்தில் தன் பிசினைக் காட்டிக்கொடுத்தது. கோரிங் வாங்கிய படத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்த கோபால்ட் நீலம் கலந்திருந்தது. சில படங்களில் எக்ஸ்ரே எடுத்தால் அடியில் சுரண்டப்படாமல் மிஞ்சிய பழைய ஓவியம் தெரிந்தது. வெடிப்பில் இருந்தது தூசியாக இல்லாமல் மையாக இருந்தது.

நாவலின் நாயகன் வயட் க்வையனும் இருக்கிற படத்தைப் பார்த்து நகல் எடுப்பவனல்ல. டிர்க் பௌட்ஸ், ஹ்யூகோ வான் டெர் ஹூஸ் போன்ற பதினைந்தாம் நூற்றாண்டு ஃபிளெமிஷ் ஓவியர்கள் வரைந்திருக்கக்கூடிய, ஆனால் வரையாத படங்களை வரைகிறான். ரெக்டால் பிரவுன் என்ற வியாபாரி விற்கிறான். பேஸில் வாலண்டைன் என்ற விமர்சகன் சான்று சொல்கிறான். ஆனால் மீகெரனுக்கும் வயட்டுக்கும் பெரிய தூரம். தன்னைத் தூக்கியெறிந்த விமர்சகர்கள் மேல் மீகெரனுக்கு ஆத்திரம். வயட்டுக்கோ அது வழிபாடு. பழைய ஃபிளெமிஷ் படங்களில் ஒவ்வொரு பொருளும், மேஜை மேலிருக்கும் சின்னக் கிண்ணம்கூட, தனித்த உயிர்ப்போடு இருப்பதற்குக் காரணம் கடவுள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்ற நம்பிக்கை என்கிறான் வயட். நாவலின் பிற்பகுதியில் வாலண்டைன் அதைத் திருப்பிப் போடுகிறான்: கடவுள் பார்க்கிறாரா இல்லையா என்ற பயத்தில்தான் அத்தனை பொருளும் அவர் கண்ணில் படத் துடித்தன என்கிறான். இந்த இரண்டு பேச்சையும் பென்சிலால் கட்டம் கட்டி வைத்துக்கொண்டால் 956 பக்கத்துக்கும் நடுத்தூண் கிடைத்துவிடும்.

வாசகர் வழி தவறும் இடத்தையும் சொல்லிவிடுகிறோம். முதல் பாகத்திலேயே வயட் என்ற பெயர் காணாமல் போகும். வெறும் ‘அவன்’ என்றே வருவான். கடைசியில் கள்ளக் கடவுச்சீட்டு தந்த வேறொரு பெயரோடு ஸ்பெயினில் இருப்பான். பெயர் இல்லாமல் ஒருவன் விருந்துக்குள் நுழைந்து தடுமாறிப் பேசினால் அவன்தான். நியூயார்க்கில் கலைஞர்கள் கூடும் கிரீனிச் வில்லேஜ் பகுதியின் விருந்துக் காட்சிகளில் எல்லாப் பேச்சையும் பின்தொடர முயலாதீர்கள். ஓட்டோ என்ற நாடகாசிரியனை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். காயமே இல்லாத கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு மத்திய அமெரிக்காவிலிருந்து திரும்பியவன் அவன். அப்பாவை முதன்முதலாகச் சந்திக்க ஓட்டல் வரவேற்பறைக்குப் போய், கள்ளநோட்டு அடிக்கும் சினிஸ்டெராவை அப்பா என்று நினைத்து, ஒரு கட்டு கள்ளநோட்டோடு திரும்பும் காட்சி காடிஸ் எழுதியவற்றிலேயே உச்சம். சிரிப்பு வரும், தொண்டையும் அடைக்கும்.

கே: இவ்வளவு பெரிய நாவல் வந்தபோது ஏன் எடுபடவில்லை? – வாசகி, ஈரோடு

ப: புத்தகத்தின் குறை பாதி, மதிப்புரையாளர்களின் சோம்பல் பாதி என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஆதாரங்களைப் பார்த்தால் சோம்பல் பக்கமே தராசு சாய்கிறது. ஜாக் கிரீன் என்ற புனைபெயரில் கிரீனிச் வில்லேஜில் ‘நியூஸ்பேப்பர்’ என்ற சொந்தச் சிற்றிதழ் நடத்திய ஒருவர், நாவலுக்கு வந்த 55 மதிப்புரைகளையும் திரட்டி, 1962-ல் மூன்று இதழ்களில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். புத்தகத்தை முடிக்காமலே எழுதியவர்கள், அட்டைக் குறிப்பைத் திருப்பி எழுதியவர்கள், மற்றவர் மதிப்புரையைப் பார்த்து எழுதியவர்கள், பக்க எண்ணிக்கையையும் விலையையும்கூடத் தவறாகக் கொடுத்தவர்கள் என்று வகை பிரித்தார். தேறியவை இரண்டே இரண்டு என்றார். ‘ஃபயர் தி பாஸ்டர்ட்ஸ்!’ என்ற அந்தத் தொடர் 1992-ல் தனிப் புத்தகமாக வந்தது. அதே 1962-ல் நாவல் மலிவுப் பதிப்பாக வந்தபோது ‘வில்லேஜ் வாய்ஸ்’ பத்திரிகையில் தன் கைக்காசில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தவரும் அவர்தான்.

போலிகளைப் பற்றிய நாவலுக்குப் போலி மதிப்புரைகள் வந்தன என்பது காடிஸை வெகுவாகப் பாதித்தது. அதற்குப் பிறகு பேட்டி தருவதையே பெரும்பாலும் தவிர்த்தார்.

கே: ஜாக் கிரீன் என்பதே காடிஸின் புனைபெயர்தானாமே? – வாசகர், நாகர்கோவில்

ப: இல்லை. அப்படி ஒரு வதந்தி இருந்தது, அவ்வளவே. இருவரும் வேறு வேறு ஆட்கள்.

கே: இருபது வருடம் என்ன செய்தார்? – வாசகர், திருச்சி

ப: சம்பளத்துக்கு எழுதினார். 1955-ல் கல்யாணம், பிறகு இரண்டு குழந்தைகள். 1957-ல் ஃபைசர் மருந்துக் கம்பெனியின் மக்கள் தொடர்புப் பிரிவில் சேர்ந்து சில ஆண்டுகள் இருந்தார். அடுத்து அமெரிக்க ராணுவத்துக்கு ஆவணப்பட எழுத்து. கோடாக் போன்ற பெருநிறுவனங்களின் மேலதிகாரிகளுக்கு மேடைப் பேச்சு எழுதித் தரும் வேலை. பள்ளிகளில் தொலைக்காட்சி வழிப் பாடம் பற்றி ஃபோர்டு அறக்கட்டளைக்காக எழுதிய புத்தகம் வெளிவராமலே போனது.

இந்த வருடங்கள் வீண் என்று சொல்வோர் உண்டு. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. அந்த மேலதிகாரிகளின் பேச்சுதான் டேவிடாஃபின் வாயில் வருகிறது. அந்தத் தொலைக்காட்சிப் பாடம்தான் ஜே ஆர் படிக்கும் பள்ளியின் மூடிய சுற்றுத் தொலைக்காட்சி. மொத்ஸார்ட் பற்றிப் பாடம் எடுக்கப் போன பாஸ்ட் எழுதிக் கொடுத்ததை விட்டு உண்மையைச் சொல்லத் தொடங்கி வேலையை இழப்பது அங்கேதான். கம்பெனிக் குறிப்பாணைகளை வருடக்கணக்கில் எழுதாதவரால் ‘ஜே ஆர்’ எழுதியிருக்க முடியாது.

கே: ‘ஃப்ராலிக்’ படிக்க அமெரிக்கச் சட்டம் தெரிய வேண்டுமா? – இளம் வழக்கறிஞர், மதுரை

ப: வேண்டாம், ஆனால் நீங்கள் மற்றவர்களைவிட அதிகம் ரசிப்பீர்கள். ஆஸ்கர் கிரீஸ் என்ற கல்லூரி ஆசிரியர், சாவி இல்லாமல் ஒயரை இணைத்துத் தன் காரைக் கிளப்பும்போது அதே கார் அவர் மேல் ஏறிவிடுகிறது. காயம்பட்டவரும் அவர், வண்டிச் சொந்தக்காரரும் அவர். யார் மேல் வழக்குப் போடுவது? இது ஒரு வழக்கு. தன் நாடகத்தைத் திருடிப் படமெடுத்துவிட்டதாகத் தயாரிப்பாளர் மேல் போட்டது இன்னொன்று. அந்த நாடகம் அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862-ல் நடந்த ஆன்டீட்டம் சண்டையைப் பற்றியது: தனக்குப் பதிலாக வடக்குப் படைக்கு ஒருவனையும் தெற்குப் படைக்கு ஒருவனையும் அனுப்பிய மனிதன், அந்த இருவருமே ஒருவரையொருவர் கொன்றிருக்கலாம் என்று அறிகிறான். நாடகம் காடிஸே 1960 வாக்கில் எழுதி அரங்கேறாமல் பெட்டியில் வைத்திருந்தது.

நாவலுக்குள் மனு, வாக்குமூலம், தீர்ப்பு எல்லாம் முழு வடிவில் வரும். பலர் அவற்றைத் தாண்டிப் போகிறார்கள், பெரிய இழப்பு. பிரம்மாண்ட இரும்புச் சிற்பம் ஒன்றுக்குள் ஸ்பாட் என்ற நாய் மாட்டிக்கொண்ட வழக்கில் ஆஸ்கரின் அப்பா நீதிபதி கிரீஸ் எழுதும் தீர்ப்பு, சட்ட நடையின் கண்ணியத்தைக் காப்பாற்றிக்கொண்டே சிரிக்கவைக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீலாக ஜவஹர்லால் மாதர் பை என்றொருவர் வருவார். ஆஸ்கரின் நாடகமே பிளேட்டோவிடமிருந்து எடுத்ததுதான் என்று வாக்குமூல விசாரணையில் அவர் உரித்தெடுக்கும் நீண்ட பகுதியை ஒரே மூச்சில் படியுங்கள். நேரமில்லை என்றால் நாடகப் பகுதிகளில் கொஞ்சம் வேகமெடுக்கலாம், தீர்ப்புகளில் வேண்டாம்.

கே: ஜொனதன் ஃப்ரான்ஸென் காடிஸைக் குறை சொல்லி எழுதியது நியாயமா? – வாசகர், சென்னை

ப: 2002-ல் ‘நியூயார்க்கர்’ இதழில் வந்த கட்டுரையைக் கேட்கிறீர்கள். ‘தி ரெகக்னிஷன்ஸ்’ நாவலை மெச்சிய அமெரிக்க நாவலாசிரியர் ஃப்ரான்ஸென், ‘ஜே ஆர்’ நாவலைப் பாதியில் விட்டதாகச் சொன்னார். எழுத்தாளனுக்கும் வாசகனுக்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது, பிற்காலக் காடிஸ் அதை மீறுகிறார் என்றார். களைப்பைப் பற்றி அவர் சொன்னது நேர்மையானது. பலருக்கும் அந்த அனுபவம் உண்டு. ஆனால் முடிவு தவறு. ‘ஜே ஆர்’ படிப்பவரை ஒதுக்கவில்லை, தன்னோடு சேர்ந்து வேலை செய்யச் சொல்கிறது. 2005-ல் எழுத்தாளர் பென் மார்கஸ் ‘ஹார்பர்ஸ்’ இதழில் எழுதிய மறுப்பையும் சேர்த்துப் படித்துவிட்டு நீங்களே முடிவெடுங்கள்.

கே: எந்தப் பதிப்பை வாங்குவது? துணை நூல்கள் உண்டா? – நூலகர், காரைக்குடி

ப: முதல் இரண்டு நாவல்களையும் நியூயார்க் ரிவ்யூ புக்ஸ் 2020-ல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது, எளிதில் கிடைப்பது அதுதான். 1993 பெங்குவின் பதிப்பு பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் ‘தி ரெகக்னிஷன்ஸ்’ நாவலுக்கு வில்லியம் காஸ் எழுதிய முன்னுரைக்காகவே எடுத்துக்கொள்ளலாம். வாங்கும்போது எழுத்தின் அளவையும் பாருங்கள். தொள்ளாயிரம் பக்கத்தைப் பொடி எழுத்தில் படிப்பது கண்ணுக்குக் கேடு.

துணைக்கு காடிஸ் ஆய்வாளர் ஸ்டீவன் மூர் 1982-ல் வெளியிட்ட ‘தி ரெகக்னிஷன்ஸ்’ வழிகாட்டி. அதன் குறிப்புகள் திருத்தப்பட்டு இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன; ‘ஜே ஆர்’ நாவலுக்குக் காட்சி வரிசையும் அங்கே உண்டு. குறிப்புகள் அச்சுப் பதிப்பின் பக்க எண், வரி எண் வைத்து அடுக்கப்பட்டவை. மின்னூலில் படிப்பவர்கள் இங்கே திண்டாடுவார்கள், எண் பொருந்தாது. அச்சுப் புத்தகம் வாங்குவதே மேல். குறிப்புகளை ஒவ்வொரு வரிக்கும் பார்க்கவும் வேண்டாம். ஒரு அத்தியாயத்தைத் தடையில்லாமல் படித்து முடித்து, பிறகு குறிப்புகளை மொத்தமாகப் பார்த்து, தேவையான இரண்டு மூன்று பக்கங்களுக்கு மட்டும் திரும்புங்கள். லத்தீன் வரியில் நின்றுவிட்டால் கதை ஆறிவிடும்.

மூர் தொகுத்த கடிதங்கள் 2013-ல் வந்தன. விரிவான பதிப்பு 2023-ல். கையெழுத்துப் படிகளும் குறிப்புகளும் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

கே: கடைசி நாவலில் தானே வாசிக்கும் பியானோவைப் பற்றி ஏன் அப்படிப் புலம்புகிறார்? அந்தப் பியானோ எப்படி வேலை செய்யும்? – இசை மாணவி, திருவையாறு

ப: கருவியை முதலில் பார்ப்போம். 11¼ அங்குல அகலமுள்ள நீளக் காகிதச் சுருள். அதில் 88 சுரங்களுக்கும் தனித்தனி வரிசையில் துளைகள். காலால் மிதிக்கும்போது துருத்திகள் உள்ளே காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்குகின்றன. காகிதம் ஒரு பித்தளைக் கட்டையின் மேல் நகரும். கட்டையிலும் 88 ஓட்டை. காகிதத் துளை கட்டையின் ஓட்டைக்கு நேராக வந்ததும் வெளிக்காற்று உள்ளே புகுந்து அந்தச் சுரத்துக்குரிய அடைப்பானைத் தூக்கும். அதோடு இணைந்த சிறு துருத்தி சுருங்கிச் சுத்தியலை இழுத்துத் தந்தியில் அடிக்கும். துளை நீளமாக இருந்தால் சுரமும் நீளும். காகிதம் ஈரத்தில் ஊறி அகன்றுவிட்டால் துளைகள் நகர்ந்து பக்கத்துச் சுரம் ஒலிக்கும். ரப்பர் குழாய் விரிசல் விட்டால் வெற்றிடம் கசிந்து அடி வலுவிழக்கும். வாசிக்கத் தெரியாதவரும் மிதித்தால் போதும், பாட்டு வரும்.

காடிஸின் கவலை அங்கேதான் தொடங்குகிறது. ஜாக்கார்ட் தறியின் துளை அட்டை, பியானோவின் துளைக் காகிதம், கணினியின் துளை அட்டை மூன்றையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தார். பயிற்சியும் தவறும் இல்லாமல் கலை கிடைத்துவிடும் என்ற ஆசை கலைஞனையே தேவையற்றவனாக்கிவிடும் என்பது அவர் வாதம். இருபது வயதுகளில் பிடித்துக்கொண்ட பொருள் இது. 1951 ஜூலையில் ‘அட்லாண்டிக்’ இதழில் இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை வந்தது. முழு வரலாறாக எழுத அரை நூற்றாண்டு குறிப்புகள் சேர்த்தார், முடியவில்லை. ‘ஜே ஆர்’ நாவலில் கிப்ஸ் முடிக்க முடியாமல் திணறும் கையெழுத்துப் படி இதே புத்தகம்தான், தலைப்பு உட்பட. இறுதியில் ஆய்வைக் கைவிட்டு, படுக்கையில் காகிதக் குவியலுக்கு நடுவே கிடக்கும் நோயாளி ஒருவரின் பேச்சாக மாற்றினார். சுமார் நூறு பக்கம், பத்தி பிரிப்பே கிடையாது. ஆஸ்திரிய எழுத்தாளர் தாமஸ் பெர்ன்ஹார்டின் சாயல் இருக்கும், அந்த நோயாளியும் பெர்ன்ஹார்டைத் திட்டிக்கொண்டேதான் பேசுகிறார்.

இதைப் படிக்க இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து கிடைக்கும் ஒரு மதியத்தை ஒதுக்குங்கள். அதற்கு முந்தின நாள், ‘ஜே ஆர்’ நாவலில் 96-வது தெருவில் பெட்டிகள் அடைத்துக் கிடக்கும் அடுக்ககத்தில், மூட முடியாத குழாய்களில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க, கிப்ஸ் அந்தக் கையெழுத்துப் படியைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு வாக்கியம்கூட எழுத முடியாமல் அல்லாடும் பக்கங்களை மறுபடி படித்துவிட்டு வாருங்கள்.